நான் எழுதிக் கொடுத்த காய்ச்சல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். வீடு ராஜபாளையத்தில். காலையில் பஸ் ஏறிப் போனால் சாயங்காலம் திரும்புவேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஒன்றில்கூட நான் கலந்துகொண்டதில்லை. அந்த நாட்களில் அலுவலகத்துக்குப் போனதும் இல்லை. தேதி அறிவித்தவுடன் எனக்கு இருமல் வந்துவிடும். மருத்துவச் சான்றிதழோடு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடப்பேன். சங்கத்துக்காரர்கள் என்னைக் கருங்காலி என்று சொல்ல முடியாது, மேலதிகாரியும் என் மேல் கை வைக்க முடியாது. பாம்பும் சாகாது, கம்பும் ஒடியாது. இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேதான் ஓய்வு பெற்றேன்.

என் ஒரே மகள் சென்னையில் ஒரு விமான நிறுவனத்தில் பணிப்பெண். வேலையில் சேர்ந்தபோது இருந்த சிரிப்பு அவளிடம் இப்போது இல்லை. ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்து விமானம், வெளியூரில் தங்கினால் ஓர் அறைக்குள் இரண்டு பேர், வாயைத் திறந்தால் மெமோ. போன வருஷம் அங்கே சங்கத்தார் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். டிவியில் கீழே ஓடும் எழுத்தில் அந்தச் செய்தி போகும்போதெல்லாம் சேனலை மாற்றிவிடுவேன். அந்த நேரத்தில்தான் அவள் போன் செய்தாள்.

“அப்பா, நானும் என் ஃப்ரெண்டும் ஊருக்கு வாரோம். சிக் லீவு போட்டிருக்கோம்.”

“ஸ்ட்ரைக்குங்காகளே?”

“ஸ்ட்ரைக் இல்லப்பா, சிக் லீவு. வந்து சொல்லுதேன்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அங்கே எல்லோரும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று சொல்வதுதான் போராட்டமே என்பது எனக்குத் தெரியாது. ரயிலிலிருந்து இறங்கியதும் மகள் அதைச் சொல்லத்தான் வந்தாள். “எனக்குத் தெரியாதாக்கும்? நானும் அம்புட்டு வருஷம் பாத்த வேலதான இது” என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

கூட வந்த பெண் தஞ்சாவூர்ப் பக்கம். அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். வர மாட்டேன் என்றவளை என் மகள்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். வந்த கொஞ்ச நேரத்திலேயே என் மனைவியோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகு, மத்தியானம் போல எனக்கு ஒரு போன் வந்தது. மகளின் நிறுவனத்திலிருந்து பேசுவதாகவும், அவசரத்துக்கு என்று அவள் கொடுத்திருந்த நம்பர் என்னுடையது என்றும் ஓர் இளைஞர் சொன்னார். நல்ல பணிவான குரல். வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டார். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“மேடத்துக்கு இப்ப உடம்பு எப்படி சார் இருக்கு?”

“உடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. கோயிலுக்குப் போயிருக்கா. எம் மக ஸ்ட்ரைக்கு கிஸ்ட்ரைக்குன்னு போறவ இல்ல சார். அதுக்குப் பயந்துதான் லீவு போட்டுட்டு இங்க வந்துட்டா.”

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “அப்ப காய்ச்சல் எதுவும் இல்லைங்களா சார்?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது தெரிந்த பிறகாவது தவளை வாயை மூடியிருக்கலாம். நான் மூடவில்லை.

“எம் மக சின்னப்பிள்ள சார். யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுவா. கூட ஒரு பிள்ள வந்திருக்கு. அதுதான் இவளையும் இழுத்துட்டு வந்திருச்சு.”

“அவங்க பேரு சார்?”

சொன்னேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. என் வீட்டில் வெங்காயம் உரித்துவிட்டுப் போன பெண்ணின் பேரை, தலைப்பெழுத்தோடு சொன்னேன். போனை வைத்ததும் அடுப்படியிலிருந்து என் மனைவி யார் என்று கேட்டாள். பேங்கிலிருந்து என்றேன்.

சாயங்காலம் அவர்கள் பால்கோவாவோடு திரும்பினார்கள். அந்தப் பெண் முதல் விள்ளலை எடுத்து என்னிடம்தான் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் மெயில் வந்தது. என் மகளுக்கு வெறும் எச்சரிக்கை, உடனே வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பெண்ணுக்கோ, சக பணியாளரைத் தூண்டிவிட்டு அழைத்துச் சென்றதாக வேலைநீக்க நோட்டீஸ். மூன்று நாளில் நேரில் வந்து விளக்கம் சொல்லலாம் என்று இருந்தது. அவள் அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நாங்க இங்க வந்தது யாருக்குமே தெரியாதேப்பா. எப்படி?” என்றாள் மகள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது என் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “நேத்து பேங்க்ல இருந்துதான போன் வந்துச்சு?”

“ஆமா.”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எது பொய் என்று தெரியாதா?

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றாள். “அங்கிள், எனக்கு இங்க காய்ச்சலா இருந்துச்சுன்னு ஒரு லெட்டர் எழுதித் தருவீங்களா? கவர்மெண்ட்ல இருந்தவங்க எழுதினா மதிப்பாங்க.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ‘அம்மா, அந்தப் பாவி நான்தான், என் லெட்டர் உனக்கு உதவாது’ என்று ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்குத்தான் வாய் வரவில்லை. அதோடு, நான் வளர்ந்த அலுவலகப் புத்தி வேறு. காகிதத்தில் இல்லாதது நடக்காதது என்பது எங்கள் வேதம். போனில் பேசியதற்கு ஏது ஆதாரம், கையெழுத்துப் போட்ட கடிதம்தான் நிற்கும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்வதாகக்கூட ஒரு நினைப்பு.

மூன்று தடவை அடித்துத் திருத்தி, நல்ல தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு நாளாகக் கடுங்காய்ச்சல், என் மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், படுக்கையை விட்டு எழவே இல்லை. கீழே கையெழுத்து, அதற்கும் கீழே ஓய்வு பெற்றபோது இருந்த பதவி. அவள் படித்துப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள். “தேங்க்ஸ் அங்கிள்” என்று என்னைக் கும்பிட்டாள். நான் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணினேன். இப்போது இதையெல்லாம் எழுதும்போது இந்த இடத்தில்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

இருவரும் அன்றே சென்னைக்குக் கிளம்பினார்கள். பிறகு பத்து நாள் மகளிடமிருந்து போன் வரவில்லை. பறந்துகொண்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். ஒருநாள் காலையில் டிவியில் செய்தி வந்தது. பேச்சுவார்த்தையில் உடன்பாடு, வேலைநிறுத்தம் இல்லை, நோட்டீஸ் கொடுக்கப்பட்ட எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் போன உயிர் திரும்பியது. உடனே மகளைக் கூப்பிட்டேன்.

“பாத்தேம்மா! எல்லாத்தையும் எடுத்துட்டாகளாமே. அந்தப் பிள்ளையும் சேந்துட்டாளா?”

“எல்லாத்தையும் எடுத்துட்டாங்கப்பா. சிக் லீவு போட்டவங்க, தூண்டிவிட்டாங்கன்னு சொன்னவங்க, எல்லாத்தையும்.”

“பொறவென்ன?”

“அவள எடுக்கல. பொய் லெட்டர் குடுத்ததுக்கு டிஸ்மிஸ். அது இந்த உடன்பாட்டுல வராதாம்.”

 மகள் கோபப்படாமல், யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“விசாரணைக்கு நானும் அவகூடப் போயிருந்தேன். ஒங்க லெட்டர வாசிச்சாங்க. இத எழுதினவரு எப்படிப்பட்டவருன்னு கேட்டாங்க. பொய் சொல்லத் தெரியாதவருன்னு அவ சொன்னா. பொறவு அந்த போன் ரெக்கார்ட போட்டுக் காட்டினாங்க. ஒங்க சத்தம் நல்லாத் தெளிவா இருந்துச்சுப்பா.”

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டேன்.