கடைசிக் கதவில் இரண்டு தட்டு

இது கதை இல்லை. நடந்தது. ஆவடி கோவில்பதாகையில், எங்கள் சொந்த வீட்டில், நான்கு பேர் காதால் கேட்டது. நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் படித்து முடித்துவிட்டு "எலியாக இருக்கும், மழைச் சத்தமாக இருக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் வேலை பார்க்கிறவள் நான். எலிக்கும் கைத்தடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

என் பெயர் சுரேகா. சொல்லப் போவது என் அப்பா எத்திராஜைப் பற்றி.

அப்பா ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் பஞ்சாப் எல்லையில் இருந்தார். திரும்பி வந்து ஆவடி டாங்கி தொழிற்சாலையில் சேர்ந்தார். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த வீட்டைக் கட்டினார். சண்டையைப் பற்றிக் கேட்டால் சப்பாத்தி கருகிய கதையும், ஒரு எருமை டாங்கியை முட்ட வந்த கதையும்தான் சொல்லுவார். வேறு எதுவும் வாயில் வராது. என் பள்ளி யூனிபார்முக்கு இஸ்திரி போட்டது அவர். அம்மாவுக்கு முட்டி வலி வந்த நாளிலிருந்து காலை டிபன் அவர் கை. தம்பி லோகேஷ் நைட் ஷிப்ட் முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் தோசைக்கல் சூடாக இருக்கும். தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் ஸ்பேனரோடு முதலில் போய் நிற்பார். அவர் செத்த அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம். ராத்திரி ஒன்பதரைச் செய்தி முடிந்ததும் ரவுண்டு கிளம்புவார். முதலில் வெளியே காம்பவுண்டைச் சுற்றுவார். கேட்டைப் பூட்டுவார். உள்ளே வந்து கேஸ் ரெகுலேட்டரைத் திருகி மூடுவார். பிறகு ஒவ்வொரு அறைக் கதவிலும் கைத்தடியால் இரண்டு தட்டு.

டக். டக்.

"சப் டீக்?" என்பார். எல்லாம் சரியா என்று ராணுவத்து இந்தியில் கேட்பது. உள்ளே இருப்பவர் "டீக் ஹை" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நகரமாட்டார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, கோபித்துக்கொண்டு படுத்திருந்தாலும் சரி, பதில் வந்தால்தான் அடுத்த கதவு. தடியின் அடியில் இருந்த ரப்பரைக்கூடச் சத்தம் கேட்கட்டும் என்று பிடுங்கிப் போட்டுவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடைசியாக அவர் தட்டுவது அவருடைய அறைக் கதவையே. அம்மா ஹாலில்தான் படுப்பார். அந்த அறையில் ஆளே இருக்காது. ஆனாலும் வெளியே நின்று தட்டுவார். "சப் டீக்?" கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நிற்பார். பிறகுதான் கதவைத் திறந்து உள்ளே போவார்.

"யாருப்பா உள்ள? சின்ன வீடா?" என்று லோகேஷ் கிண்டல் செய்வான்.

"பழக்கம்டா" என்பார். அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அந்த அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சாவு. ஆனால் மாங்காட்டிலிருந்து வந்த சண்முகசுந்தரம் மாமா, அம்மாவின் அண்ணன், பஞ்சாங்கத்தைப் பார்த்ததும் முகம் மாறினார். சதயம் நட்சத்திரம். அடைப்பு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அடைப்பு என்பார்கள். போனவர் வீட்டையே சுற்றுவாராம். இன்னொருத்தரையும் கூட்டிக்கொண்டுதான் போவாராம். அதனால் உயிர் பிரிந்த அறையை மாதக்கணக்கில் பூட்டி வைப்பார்கள். எங்களுக்கு ஆறு மாதம் என்றார் மாமா. அப்பாவின் கட்டில், பெட்டி, சுவர் ஆணியில் தொங்கிய கைத்தடி எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுப் பூட்டினார். சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார்.

நாட்டுக்காக எல்லையில் நின்ற மனுஷன். ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர். செத்த மறு நிமிஷமே அவரைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா? அவர் கட்டின வீட்டில் அவருக்கே பூட்டா? கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

காலையில் எழுந்தால் கேஸ் ரெகுலேட்டர் மூடியிருக்கும். நான் மூடவில்லை. அம்மா மூடவில்லை. லோகேஷுக்கு ரெகுலேட்டர் எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது.

ஒரு நாள் கேட்டைப் பூட்ட மறந்தோம். விடிந்து பார்த்தால் பூட்டியிருந்தது. சாவி வீட்டுக்குள் கொக்கியிலேயே தொங்கியது.

இன்னொரு நாள் லோகேஷின் கதவில் இரண்டு தட்டு. அவன் போர்வைக்குள் சுருண்டுகொண்டான். மறுபடி இரண்டு தட்டு. மறுபடி. விடிய விடிய விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருந்ததாம். காலையில் நேராக மாமாவுக்குப் போன் போட்டுவிட்டான், பயந்தாங்கொள்ளி.

அன்று சாயங்காலமே மாமா வந்து இறங்கினார். நல்ல மழை. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் இரும்பு ஆணிகள், மஞ்சளும் குங்குமமும் பூசியவை. யாரோ ஒருவரிடம் மந்திரித்து வாங்கியிருந்தார்.

"நாளிக்கு அமாவாச. விடிகாலைல வாசப்படில அடிச்சிட்டா அப்பால உள்ள வர முடியாது. எங்கனா போவட்டும்."

"எங்க மாமா போவாரு?"

"இன்னாது?"

"இது அவர் கட்டின ஊடு. இத்த விட்டுட்டு எங்க போவாருன்னு கேக்கறேன்."

"சுரேகா, புரியாம பேசாத. ஆனானப்பட்டவங்க ஊட்லயே அடுத்தடுத்து ரெண்டு சாவு வுழுந்துகீது. ஒங்கம்மா வயச பாரு. அவ மேல ஆசையா இருந்தவரு. அவளத்தான் கூட்டிகினு போவாரு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணன் எதிரில் அவர் என்றைக்குப் பேசினார்? எனக்குச் சட்டென்று புரிந்தது. விடிந்தால் ஆணி. அதற்குப் பிறகு என் அப்பா இந்த வாசலை மிதிக்க முடியாது. அதைத் தடுக்க என்னைத் தவிர ஆளில்லை.

"ஆணி அடிக்க நான் விடமாட்டேன் மாமா" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. நான்கு பேரும் ஹாலில் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்தோம். மழை ஓட்டு ஷெட்டில் விழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் ஊதியது. அப்புறம் மழையும் விட்டது. சொட்டுச் சத்தம் மட்டும்.

மணி ஒன்பதரை.

வெளியே...

டக்.

காம்பவுண்டு சிமெண்டுத் தரையில். டக்... டக்... ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற நடை. எங்கள் நான்கு பேருக்கும் தெரிந்த நடை.

அந்தத் தடி பூட்டிய அறைக்குள் தொங்குகிறது. சாவி மாமாவின் இடுப்பில். இரண்டும் எனக்கு அந்த நேரத்தில்தான் சேர்ந்து ஞாபகம் வந்தது.

கேட்டுச் சங்கிலி கலகலத்தது. பூட்டு 'க்ளிக்' என்றது.

லோகேஷ் என் கையைப் பிடித்தான். அவன் விரல் ஐஸ் மாதிரி இருந்தது.

"அக்கா... உள்ள வருதுக்கா."

"வருதா? வராருன்னு சொல்லுடா."

கதவு திறந்த சத்தமே இல்லை. ஆனால் அடுத்த 'டக்' வீட்டுக்குள் கேட்டது.

சமையலறையில் ரெகுலேட்டர் திரும்பியது. க்ரக்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க" என்று மாமா கிசுகிசுத்தார். "இன்னா கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. சொன்னா அவ்ளோதான்."

டக். டக்.

எங்கள் பக்கம்.

மெழுகுவத்திச் சுடர் படுத்து எழுந்தது. ஷூ பாலிஷ் வாசனை வந்தது. தரையில் தடி ஊன்றும் அதிர்வு என் பாதத்தில் தெரிந்தது.

லோகேஷின் எதிரில் நின்றது.

டக். டக்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

டக். டக்.

எனக்குப் பயம்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பயத்தை விடக் கோபம் பெரியதாக இருந்தது. பதில் வராமல் நிற்கிறாரே... ஒரு மாதமாகக் கதவு கதவாக நின்றுகொண்டிருக்கிறாரே... அவர் பேய் என்றால் நான் அந்தப் பேய்க்குப் பொண்ணு!

எழுந்து நின்றேன்.

"டீக் ஹைப்பா! சுரேகா. தம்பியும் டீக் ஹை."

"அடிப்பாவி..." என்றார் மாமா.

தடி நகர்ந்தது. என் பக்கம் வந்து நின்று, என்னைத் தாண்டி, அம்மாவின் எதிரில் நின்றது.

டக். டக்.

மாமா அம்மாவின் தோளைப் பிடித்தார். அம்மா அந்தக் கையை எடுத்துக் கீழே வைத்தார். என் ஆயுசில் அம்மா அண்ணன் கையைத் தட்டிவிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"டீக் ஹைங்க. மாத்திர போட்டுக்கினேன். நீங்க கவலப்படாதீங்க."

லோகேஷ் ஓவென்று அழுதான். "டீக் ஹைப்பா... டீக் ஹைப்பா..."

தடி மாமாவின் எதிரில் நின்றது.

டக். டக்.

மாமா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் டீக்குதான் மாப்ள..."

தடி திரும்பியது.

கடைசிக் கதவுக்குப் போனது.

அவரைப் பூட்டி வைத்ததாக நினைத்திருந்தோம். அவர் வெளியேதான் இருந்தார். தன் அறைக் கதவுக்கு வெளியே, எப்போதும் போல.

டக். டக்.

அமைதி.

எப்போதும் போல நின்றார்.

சொட்டுச் சத்தம்கூட நின்றுவிட்டது.

அப்போது...

பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"டீ... டீ... டீக் ஹை."

அப்பா குரல் இல்லை. வாலிபக் குரல். இருபது வயசு இருக்கும்.

மெழுகுவத்தி அணைந்தது.

கரண்ட் வந்தபோது ஹாலில் நாங்கள் நான்கு பேர் மட்டும். கதவில் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் நான் மாமாவிடம் கையை நீட்டினேன். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். அடைப்பாவது மண்ணாவது என்று திறந்தேன். அறை காலி. தரையில் படிந்த தூசியில் ஒரு காலடி இல்லை. கைத்தடி அதன் ஆணியிலேயே தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். அடியில் ஈரச் சேறு. எங்கள் கேட்டோரத்துச் செம்மண்.

மாமா கொண்டுவந்த ஆணியில் ஒன்றை எடுத்து, ஹாலில் அப்பாவின் படத்தை மாட்ட அடித்தேன். மாமாதான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ரெகுலேட்டரை நாங்கள்தான் மூட வேண்டியிருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பூந்தமல்லியிலிருந்து ஒரு பெரியவர் ஆட்டோவில் வந்தார். சிவராமன். அப்பாவோடு அதே டாங்கியில் இருந்தவர். கால் முறிந்து படுக்கையில் கிடந்ததால் துக்கத்துக்கு வர முடியவில்லை என்றார். படத்தின் எதிரில் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். காபி கொடுத்தேன். அந்த ராத்திரியைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. அப்பா தினமும் கதவு தட்டி ரவுண்டு போவார் என்று மட்டும் சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"கடசி வரைக்கும் விடலயாம்மா அவன்?"

பிறகு அவரே சொன்னார். டாங்கிக்குள் நான்கு பேர். ராத்திரி ஆனால் டிரைவர் எத்திராஜ் வெளியே இறங்கி ஸ்பேனரால் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவாராம். உள்ளே இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி கண்ணிவெடியில் டாங்கி சிக்கியது. நெருப்பு. வெளியே விழுந்த அப்பா எழுந்து வந்து தட்டினார். இரண்டு பேர் பதில் சொன்னார்கள், வெளியே இழுத்துப் போட்டார். மூன்றாவது ஆள் பதில் சொல்லவில்லை. குண்டு எடுத்துக் கொடுக்கிற பையன், ஆனந்தன். மற்றவர்கள் பிடித்து இழுத்தும் கேட்காமல் அப்பா தட்டிக்கொண்டே நின்றாராம், கை வெந்துபோகிற வரைக்கும்.

"செத்துட்டான், வாடான்னு நான்தான் இழுத்துக்கினு வந்தேன். இல்ல சிவா, அவன் பதில் சொல்ல நேரமாகும், இன்னும் கொஞ்சம் நில்லுன்னு கத்தினான் ஒங்கப்பா."

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏன் நேரமாகும்?"

"ஆனந்தனுக்குத் திக்குவாய்மா. 'டீக் ஹை'ன்றதுக்குள்ள மூணு தடவ திக்குவான்."

அம்மா எழுந்து போய் அந்த அறைக் கதவை முழுசாகத் திறந்து வைத்தார்.

அடைப்பில் போனவர் இன்னொருத்தரையும் கூட்டிக்கொண்டுதான் போவார் என்று மாமா சொன்னது சரிதான். அப்பா கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார். எங்களில் யாரையும் இல்லை.