பினாங்கில் பதினெட்டு அடிச் சாய்தளமும் ஒரு சோடிப் புதுச் செருப்பும்

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பினாங்கு விமான நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து நாலரை மணி நேரம். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்கச் சொன்னார்கள். அறுபத்தேழு வயதுக்காரனிடம் இரண்டரை மணி நேரத்தைச் சும்மா பிடுங்குவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. தள்ளிவைத்தேன்.

நான் காரைக்குடியில் நாற்பது வருடம் வீடு கட்டிக் கொடுத்துப் பிழைத்தவன். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய சங்க மண்டபத்துக்கு, சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் ஒன்றை வரைந்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். அதைக் கட்டிவிட்டார்கள். சனிக்கிழமை திறப்பு. வெளிநாட்டில் என் முதல் கட்டுமானம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதன் நீளம் பதினெட்டு அடி என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வாடகைக் கார் ஓட்டுநர் சேகருக்கு முப்பது வயதிருக்கும். ஜெலுத்தோங் வரை பன்னிரண்டு கிலோமீட்டர், இருபத்தாறு வெள்ளி. ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்கிறார்கள்.

"தாத்தா, பெல்ட் போடுங்க."

குறைந்தபட்சம் 'அங்கிள்' எதிர்பார்த்திருந்தேன்.

"ஜெலுத்தோங்ல எத்தனாவது மாடி தாத்தா?"

"ஏழு."

"அப்ப ஓகே லா. அந்த பிளாட்ல லிஃப்டு ஒண்ணு, நாலு, ஏழு, பத்துலதான் நிக்கும். எங்கம்மாவும் அங்கதான், அஞ்சாவது மாடி. நாலுல எறங்கி ஏறணும். முட்டி போச்சு. பாசாருக்கு மாசத்துல ஒரு தடவதான் எறங்குறாங்க."

நடுவிலே இருக்கிற மாடிகளில் யாருக்கும் வயதாகாது என்று அந்தக் கட்டடத்தை வரைந்தவன் நினைத்திருப்பான் போலிருக்கிறது. அவனைத் திட்ட வாயெடுத்தேன். நான் கட்டிய வீடுகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழாவது மாடியில் இருப்பது என் அக்காள் விசாலாட்சியும் அவள் கணவர் சொக்கலிங்கமும். எங்கள் பக்கத்தில் அக்காளை ஆச்சி என்போம், அவள் கணவரை அயித்தான் என்போம். அயித்தானுக்கு வயது எழுபத்தாறு. இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கால் போயிற்று. கைகள் மட்டும் பழைய பலத்தோடு இருக்கின்றன. அந்தச் சங்கத்துக்கு இருபது வருடம் செயலாளராக இருந்தவர் அவர். காலுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை மண்டபத்துக்குப் போனார். வாசலில் படிகள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னாராம்:

"நாலு பேரு தூக்கிட்டுப் போறது ஒரு தடவதான் நடக்கணும். அதுக்கு இப்பவே ஒத்திகை வேணாம்."

அன்றிலிருந்து மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் போகவில்லை. நாளைக்கு மட்டும் வருகிறேன் என்றிருக்கிறார், நிபந்தனையோடு.

"நானா ஏறுவேன். முடியலன்னா நானா திரும்பிருவேன். அப்புறம் எவனும் என்னயக் கூப்புடக் கூடாது."

அடுப்படியில் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு மட்டும் திரும்பி வந்தாருன்னா இனிமே இந்தக் கதவத் தாண்ட மாட்டாரு, தம்பி. ஒன் ரேம்பு சரியா இருக்கும்ல?"

"ஒண்ணுக்குப் பன்னெண்டு, ஆச்சி. ஒரு அடி ஏறப் பன்னெண்டு அடி நீளம். ஒண்ணரை அடி உசரத்துக்குப் பதினெட்டு அடி."

"நான் கணக்கா கேட்டேன்? சரியா இருக்குமான்னு கேட்டேன்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு, சரிபார்ப்பதற்காக நான் மட்டும் முன்னே கிளம்பினேன். மண்டபம் இருக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குக் காரில் பன்னிரண்டு வெள்ளி. கெத்தாக நடந்து போகலாமே என்று சாலையின் தொடக்கத்திலேயே இறங்கிக்கொண்டது முதல் தப்பு. இங்கே கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது, அஞ்சடி என்கிறார்கள். வெயிலும் மழையும் படாமல் ஊரையே சுற்றலாம் என்று அந்தக் காலத்தில் போட்டது. போட்டவர்கள் தளத்தின் உயரத்தை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். துணிக்கடை ஒரு சாண் மேலே, நகைக்கடை அரைச் சாண் கீழே, அடுத்த கடையில் மோட்டார் சைக்கிள், அதற்கடுத்த கடையில் ஊதுபத்திச் சட்டியும் நாற்காலியும் அதில் தூங்கும் முதலாளியும். இருநூறு மீட்டருக்குள் ஐந்து தடவை தார்ச் சாலைக்கு இறங்கி ஏறினேன். திறப்பு விழாவுக்கென்றே காரைக்குடியில் வாங்கிய புதுச் செருப்பு வேறு கடித்தது.

மண்டபத்துக்கு வந்ததும் வலி மறந்துபோயிற்று. வாசல் படிகளுக்குப் பக்கவாட்டில் என் சாய்தளம். வழுக்காத சொரசொர ஓடு, இரண்டு பக்கமும் மஞ்சள் கைப்பிடிக் குழாய். டேப் பிடித்து அளந்தேன். ரசமட்டம் வைத்துச் சரிவைப் பார்த்தேன். மேலும் கீழும் நாலு தடவை நடந்தேன். ஒரு நூல் பிசகில்லை. மேல்முனையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இப்போதைய செயலாளர் மணியத்திடம் என்னைப் பாராட்ட வேண்டிய அம்சங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவர் நாலு தடவை கொட்டாவி விட்டார். தேநீர் நல்ல தேநீர்.

ஐந்து மணிக்கு வெளியே கார் சத்தம். சேகரின் கார்தான். கூட்டம் ஏற்கெனவே உள்ளே நிறைந்திருந்தது. நானும் மணியமும் படி வழியாக வெளியே ஓடினோம்.

அயித்தான் நாற்காலியில் உட்கார்ந்து சாய்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஓடு தெரியவில்லை. மேலிருந்து கீழ் வரை செருப்பு. தோல் செருப்பு, ஜப்பான் சிலிப்பர், பூப்போட்ட செருப்பு என்று குறைந்தது நாற்பது சோடி. அகலமாக, சுத்தமாக, கைப்பிடியோடு ஓர் இடம் கிடைத்தால் நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள்? ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழற்ற எவ்வளவு வசதி.

பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடை காதர் பாய் வெளியே வந்தார். "என்னண்ணே, செருப்புக் கடை தொறந்துட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அயித்தானின் கைகள் சக்கரத்துக்குப் போயின. நாற்காலி காரின் பக்கம் திரும்பத் தொடங்கியது. ஆச்சி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ரசமட்டம் கிடையாது.

பாதி திரும்பிய நாற்காலி நின்றது. இருபது வருடச் செயலாளர் புத்தி.

"மணியம், எப்பவும் படிக்குக் கீழதான கழட்டுவோம்? எவன் மொதல்ல இங்க கழட்டுனது?"

"தெரியலயே அண்ணே."

"ஒருத்தன் போட்டாத்தான் அடுத்தவன் போடுவான். ஆக மேல இருக்கிற சோடியப் பாருங்க."

காதர் பாய் படியேறிப் போய் அதை எடுத்துத் திருப்பினார். "புதுசுண்ணே. வெலைச் சீட்டுகூட இருக்கு. எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது." கண்ணருகே கொண்டுபோனார். "ரூவா. இங்க ஏதுண்ணே ரூவா?"

எல்லாரும் என் கால்களைப் பார்த்தார்கள். வெறுங்கால்.

முதலில் ஒரு இருமல் மாதிரிதான் வந்தது. பிறகு அயித்தான் நாற்காலி குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கடலைத் தாண்டி வந்து ரேம்புல செருப்பு விட்டிருக்கான்யா இஞ்சினியரு." ஆச்சியும் சிரித்தாள், பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எடு," என்றார் அயித்தான். "எல்லாத்தையும் நீதான் எடுக்கணும்."

காதர் பாய் கொடுத்த காலிப் பெட்டிகளில் நாற்பது சோடியையும் நானே குனிந்து பொறுக்கினேன். வழி சுத்தமானதும் அயித்தான் சக்கரத்தைத் தள்ளினார். ஐந்தடி ஏறி மூச்சு வாங்கினார். பின்னாலிருந்து தள்ளக் கை நீட்டினேன்; ஆச்சி அந்தக் கையில் ஒன்று போட்டாள். மறுபடி தள்ளினார். பன்னிரண்டாவது அடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரே மூச்சில் மேலே.

வாசலில், 'காலணியுடன் உள்ளே வரக்கூடாது' என்று அவரே இருபது வருடத்துக்கு முன்பு எழுதி மாட்டிய பலகை. அதன் கீழே நாற்காலியை நிறுத்தினார். மணியத்திடம் ஈரத்துணி வாங்கி இரண்டு சக்கரத்தையும் துடைத்தார். குனிந்து தன் செருப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதயும் பொட்டியில வையி."

உள்ளே போனார். யாரும் தூக்கவில்லை.

திங்கட்கிழமை கிளம்புவதற்குள் சாய்தளத்துக்குக் கீழே செருப்பு அலமாரி ஒன்று வரைந்து கொடுத்தேன். நாற்பது வருடத்தில் நான் செருப்புக்கு இடம் வரைந்தது அதுதான் முதல் தடவை. என் புதுச் செருப்பு அந்தக் குழப்பத்தில் யாரோடோ போய்விட்டது; வலது காலுக்கு ஏழும் இடது காலுக்கு ஒன்பதுமாக இரண்டு ஜப்பான் சிலிப்பரோடு ஊர் திரும்பினேன். அவை கடிக்கவில்லை.

காரைக்குடியில் என் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றேன். ஐந்து படி. தெருவை விட உயரமாக இருந்தால்தான் மதிப்பு என்று நானே கட்டியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது படியில் உட்கார்ந்து டேப்பை எடுத்தேன். படிக்கு ஏழு அங்குலம், மொத்தம் முப்பத்தைந்து அங்குலம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால் முப்பத்தைந்து அடி. தெருவையும் தாண்டி, எதிர்வீட்டு வரவேற்பறையில்தான் என் சாய்தளம் தொடங்க வேண்டும்.

எதிர்வீட்டுக்காரரிடம் இன்னும் பேசவில்லை. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் வீட்டையும் நான்தான் கட்டினேன். அங்கே ஆறு படி.