தம்பி போனால் படுத்துவிடும் பேட்டரி

என் தம்பி கப்பலேறிய சில வாரங்களில் எங்கள் வீட்டு அம்பாசிடரும் படுத்துவிடும். சாவியைத் திருப்பினால் கட்கட்டென்று ஒரு சத்தம், அதோடு சரி. பக்கத்து சீட்டில் இருக்கும் அப்பா, நான் எதையோ உடைத்துவிட்ட மாதிரி என்னைப் பார்ப்பார்.

"அவன் கை பட்டாத்தான் இது ஓடும்ளா" என்பார்.

தம்பி கப்பலில் இன்ஜினியர். ஆறேழு மாதம் கடலில் இருப்பான், இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருப்பான். மற்ற நாட்களில் வீட்டில் நானும் அப்பாவும்தான். அவன் இருக்கும்வரை வண்டி முதல் இழுப்பிலேயே உறுமும். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதும் பேட்டரி இறங்க ஆரம்பிக்கும். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி ஸ்டார்ட் செய்வோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, அப்பா ஜன்னலோரமாக நடந்தபடி, "தம்பி இருந்தா இப்படி நடக்குமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வருவார்.

எனக்குப் பொறாமை. அதை மூடி மறைக்க எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே உள்ள பொறாமை, அதற்கும் இப்போது என் வயதாகிவிட்டது. அவன் லீவில் வந்தால் அப்பா விடியும் முன்னே ஏலத்துக்குப் போய்ச் சீலா மீனோடு திரும்புவார். நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போகும். அவன் கிளம்பிய மறுநாள் எங்கள் வீட்டில் மலிவான சாளை மீன். சாளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அப்பா அதை வாங்கவில்லை.

கார் விஷயத்தில் இன்னும் மோசம். ஆயில் மாற்றுவது நான். கழுவுவது நான். உப்புக்காற்றில் துருப்பிடித்த இடத்தையெல்லாம் சுரண்டி பெயின்ட் அடிப்பது நான். அவன் வந்ததும் பானெட்டைத் திறந்து, எதையோ தொட்டுப் பார்த்து, மூடுவான். வண்டி ஜம்மென்று ஓடும். பேர் அவனுக்கு. அந்தக் காரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டது என்றே எனக்கு எரிச்சலாக வரும்.

இந்தத் தடவை அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு மட்டம் படுத்துச்சுன்னா தார்ப்பாயப் போட்டு மூடிருவேன். தம்பி வந்து எடுத்துக்கிடட்டும்."

வாரம் முழுக்க ஒரு சுங்க ஏஜென்ட் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவை மாதா கோயில் பூசைக்குக் கூட்டிப்போய், மார்க்கெட் வழியாகத் திரும்பி வருவேன். அந்தக் காரை ஓட்டும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கென்று இருப்பது. அது போய்விடும். அதுவும் அவன் பேரைச் சொல்லிப் போகும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோளாறு எங்கே என்று பார்த்துவிடுவோம் என இறங்கினேன். வோல்ட் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைப் பொருக்கை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் தடவினேன். பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், தொய்வு இல்லை. வண்டி சும்மா நிற்கும்போது கரண்ட் எங்காவது கசிகிறதோ என்று, வீட்டுக்கு வந்ததும் ஒரு முனையைக் கழற்றியே வைத்தேன். அப்படியும் இறங்கியது. கடைசியில் பேட்டரியைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி லோடு வைத்துப் பார்த்தார். "பேட்டரி நல்லாத்தானம்மா இருக்கு. தம்பி எப்ப வாரான்?" என்று கேட்டார். ஊரே அவனுக்காகத்தான் காத்திருந்தது.

மிச்சம் இருந்தது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ. புதுக் கார்களில் இருப்பது வேறு, அது இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் ஓரளவு சார்ஜ் ஏற்றிவிடும். எங்கள் பழைய வண்டியின் டைனமோ வேகமாகச் சுற்றினால்தான் ஒழுங்காகக் கரண்ட் தரும். வாசலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்தேன். மீட்டர் பதினாலு வோல்ட்டைத் தொட்டது, சார்ஜ் ஏற அது போதும். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. வண்டியில் எல்லாமே நன்றாக இருந்தது, பேட்டரி மட்டும் செத்துக்கொண்டிருந்தது. அன்று மீட்டரைத் தூக்கி எறியாததே பெரிய விஷயம்.

வண்டி தெருவில் ஓடும்போது அளந்து பார்க்கவில்லையே என்பது சனிக்கிழமை கிளம்பும்போதுதான் தோன்றியது. பேட்டரியிலிருந்து இரண்டு நீள வயரை இழுத்து, பானெட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் கொண்டுவந்து, மீட்டரை அப்பா மடியில் வைத்தேன்.

"என்னளா இது, பிரஷர் பாக்குத மிஷினா?"

"வண்டிக்குத்தான் பாக்கேன். கேக்கும்போது நம்பர மட்டும் சொல்லுங்கப்பா."

பூசை முடிந்து திரும்பும்போது இருட்டிவிட்டது, ஹெட்லைட் போட்டேன். அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. இன்ஜின் சத்தம் வெளியே கேட்கக்கூடாது. சீக்கிரமாக டாப் கியரைப் போட்டுவிட்டு, முடிந்தவரை ஊர்ந்து போக வேண்டும். நான் ஓட்டும்போது மட்டும் செல்லும் சட்டம் அது. நாங்கள் போகிற வேகத்துக்கு, திருவிழாவில் மாதா தேரே ஹார்ன் அடித்து எங்களை முந்திவிடும்.

"மெல்ல, மெல்ல" என்றார் வழக்கம்போல.

"எவ்வளவு காட்டுது?"

"பன்னெண்டு. இல்ல, அதுக்கும் கீழ போவுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டார்ட் செய்ய ஒரு இழுப்பில் செலவானதைக்கூட எங்கள் ஊர்வலம் பேட்டரிக்குத் திருப்பித் தரவில்லை. போதாக்குறைக்கு ஹெட்லைட் வேறு. தம்பி சாவியை எடுத்தால் திருச்செந்தூர், ஆலந்தலை என்று பறப்பான். இன்ஜின் கதறும். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வருவார். அவன் இத்தனை வருடமாக எதையும் சரிசெய்யவில்லை. வெறுமனே மிதித்தான். மிதிக்க அவனுக்கு அனுமதி இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் தெருவை விட்டுவிட்டு நேராகத் திருச்செந்தூர் ரோட்டில் ஏற்றினேன்.

"எங்கன போற?"

உப்பளம் வந்ததும் அழுத்தினேன்.

"ஏளா! என்ன அவசரம்? சத்தம் கேக்குல்லா!"

"கேக்கட்டும். நம்பரச் சொல்லுங்க."

"பதிமூணு."

"இப்ப?"

"பதிமூணர." அப்பா மீட்டரைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். "பதினாலு."

"இவ்வளவுதாம்ப்பா கோளாறு. தம்பி இப்படித்தான ஓட்டுதான்? அவன ஒரு நாளாவது மெல்லப் போன்னு சொல்லியிருக்கியளா? என்னைய மட்டும் ஏன் ஓட்ட விட மாட்டேங்குதிய?"

பேட்டரியைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு ஏதோ. அப்பா ஆத்தூர்வரை மடியில் இருந்த மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டார், வண்டியைத் திருப்பினேன்.

மறுநாள் காலை முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்து ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து தம்பி கூப்பிட்டபோது, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார்.

"ஏலே, வண்டி இப்ப ஜம்முன்னு இருக்கு. அக்கா அப்படியே உன்ன மாதிரி ஓட்டுதா."

அப்பாவிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது, எனக்குத் தெரியும். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்திலும் எனக்கு முன்னால் அவனே வந்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா என்னைய விட நல்லா ஓட்டுவாளேப்பா" என்றான் தம்பி.

"சரி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார் அப்பா.

அவன் நல்லவன். அதுவும் எனக்கு ஒரு தொந்தரவுதான், நிம்மதியாக வெறுக்கக்கூட விடமாட்டான்.

தார்ப்பாய்ப் பேச்சை அப்பா அதன்பின் எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பூசை முடிந்ததும், நான் கேட்காமலே, "அந்த ரோட்டுக்கு விடு" என்றார். மீட்டரை அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உப்பளம் வந்ததும் அதை விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"இன்னும் கொஞ்சம் மிதி. தம்பி இங்கன அறுபதுல போவான்."

நான் அறுபத்தைந்தில் போனேன்.