பெரியக்காவின் மகளுக்கு அப்பா போட்ட குரவை

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரது வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அண்ணாமார் என்னிடம் தந்தார்கள். நான் கட்டட வரைபடம் வரைகிறவள்; முதலில் ஒரு பட்டியல்தான் போட்டேன். பிறந்த ஊர் உன்னிச்சை. படிப்பு ஆறாம் வகுப்பு வரை. பின்னர் தகப்பனாருடன் வயல். திருமணத்துக்குப் பின் எங்கள் பக்க வழக்கப்படி குருக்கள்மடத்தில் அம்மாவின் வீட்டுக்கு வாழ வந்தார். இரண்டு முறை இடம்பெயர்ந்தும் எங்கள் ஏழு பேரில் ஒருவரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. கடைசி மாதங்களில் மூச்சுத் திணறலோடு கிடந்தபோதும் வந்தவர்களிடம் வயலில் தண்ணீர் நிற்கிறதா என்றுதான் கேட்டார்.

பட்டியலைப் பார்த்த பெரியக்கா, "என்ர மகள் வந்த நாள் எங்க?" என்று கேட்டார். அவரது சம்மதத்தோடு அந்த நாளை எழுதுகிறேன்.

பெரியக்காவுக்கும் அத்தானுக்கும் பதினான்கு வருடங்களாகப் பிள்ளை இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் நீதிமன்ற அனுமதியோடு மூன்று மாதப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். குழந்தை வீட்டுக்கு வந்த காலையில் முற்றத்தில் ஐம்பது பேர் நின்றோம். நிறைகுடம் வைத்தாயிற்று. ஆலாத்தித் தட்டும் தயார். அத்தான் வான் வண்டியின் கதவைத் திறக்க, பெரியக்கா குழந்தையோடு இறங்கினார்.

புதுப் பிள்ளை வாசல் தாண்டும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் மங்கல ஒலியாகக் குரவை போடுவார்கள். தொடங்குபவர் அம்மாவின் தமக்கையான பெரியம்மா. அன்று அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் தொடங்காததால் மற்றவர்களும் தொடங்கவில்லை.

"ஏனக்கா பேசாம நிக்கிறீங்க?" என்றார் அம்மா.

"நான் புள்ளையக் குறை சொல்லல்ல. நாளைக்குக் கோயில்ல இவள் என்ன குடி எண்டு கேட்டா என்னத்தச் சொல்றது?"

குடி என்பது எங்கள் குலப்பிரிவு; தாய்வழியாக வருவது, கோயில் உரிமைகளும் அதன்படியே. பெரியம்மா கெட்ட மனதோடு கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விடை தெரியவில்லை. ஆனால் பெரியக்கா படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். மூடியிருந்த குழந்தையை மீண்டும் மீண்டும் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

அப்பா முன்னே வந்தார். "அக்கா, நான் என்ன குடி?"

"நீங்க வேற குடி, தம்பி. அது ஊருக்கே தெரியுமே."

"வேற குடிக்காரன் நாப்பது வருசமா இந்த வீட்டுச் சோறு தின்றன். ஒருநாளும் வெளிய போ எண்டு சொல்லல்லையே. இவள் என்னவிடக் கொஞ்சமாத்தானே தின்பாள்?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் தொடங்கவில்லை.

"தாய் ஆரு? என்ர மூத்த மகள். பிறகென்ன?" என்ற அப்பா, கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, தானே குரவை போட்டார். எங்கள் ஊரில் ஆண்கள் குரவை போடுவதில்லை. அப்பாவுக்கு அது வரவும் இல்லை. பாதியில் இருமினார். இருமி முடித்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

"ஐயோ தம்பி, நிப்பாட்டுங்க! இது குரவையில்ல, வயல் வட்டைக்குள்ள குருவி கலைக்கிற சத்தம்!"

"அப்ப நீங்க போட்டுக் காட்டுங்களன்."

பெரியம்மா போட்டார். அந்தப் பிழையைக் கேட்டுக்கொண்டு நிற்கத் தன்னால் முடியவில்லை என்று இன்றும் சொல்லுவார். பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். குழந்தை திடுக்கிட்டது, அழவில்லை. யார் இவர்கள் என்பதுபோல வாயைப் பிளந்து பார்த்தது. பெரியக்கா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். அதன்பிறகு குழந்தை பதினேழு கைகள் மாறியது, நான் எண்ணினேன். பால் போத்தல் வண்டியிலேயே கிடந்ததைப் பசித்து அழும்வரை எவரும் கவனிக்கவில்லை.

அப்பாவின் கடைசி மாதங்களில் அவரைத் தூக்கி இருத்திய அயலவர்களுக்கும், வயலைப் பார்த்துக்கொண்ட உன்னிச்சை உறவினர்களுக்கும், காத்தான்குடியிலிருந்து மருந்து கொண்டுவந்து தந்த அவரது நெல் வியாபார நண்பருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் தந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

மலரின் பின்பக்கத்துக்குப் பேரப்பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் வயது வரிசையில் எழுதியிருந்தேன். பெரியக்காவின் மகள் பதினோராவதாக வந்தாள். அச்சுக்குக் கொடுக்குமுன் பெரியம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, பேனையைக் கேட்டு வாங்கினார்.

"வயசக் கொண்டுபோய் அங்கால வை, மனே. மூத்தவள்ர புள்ளை முதல்ல வரவேணும். எங்கட குடி இனி அவளாலதானே வளரும்."

— இளைய மகள்