மயானம் இல்லாத குடியிருப்பு

வேலாயுதம் அண்ணனை அறிந்தவர்களுக்கு எழுதுகிறேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தவன்; ஒழுங்கு வைக்காமல் எழுத எனக்கு வராது. ஆகவே:

1. செய்தி வந்த விதம்.
2. அவர் நமது குடியிருப்பை அமைத்த விதம்.
3. அவர் மறந்துபோன ஒன்று.
4. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

செய்தியை அவர் மகன் கொண்டுவந்தான். "அப்பா போயிட்டாருங்க, கிளாக்கரய்யா" என்றவன், அழுவதற்கு முன்பே, "எங்கங்க பொதைக்கிறது?" என்று கேட்டான்.

மண்சரிவு அபாயம், லயத்து வரிசை வீடுகளை விட்டு இறங்குங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. எஹலியகொடப் பக்கம் கைவிட்டுக் கிடந்த ரப்பர் நிலத்தை அலைந்து திரிந்து வாங்கித் தந்தவர் அண்ணன்தான். வீடுகளுக்கு இடம் குறித்த அன்று கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது.

"இன்னும் தள்ளிப் போங்க. லயத்துல இவன் தும்மினா அடுத்த காம்பராக்காரன் 'நூறு'ங்கிறான். இங்கயாவது அவனவன் தனியா தும்மட்டும்" என்றார் அண்ணன்.

சுற்றிலும் நாம் விட்டு வந்த தோட்டம், வெளியே போக ஓர் ஒற்றையடிப் பாதை. நம் முன்னோர் கிடக்கும் பழைய மயானமோ தோட்டத்துக் கேட்டுக்கு உள்ளே. மயானத்துக்கு நமக்கென்று ஒரு துண்டு ஒதுக்குங்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வாழத்தானே எடம் கேட்டோம்" என்று சிரித்துவிட்டு அடுத்த முளையை அடித்தார். மறதியை மறைக்கிறார் என்றே எண்ணினேன்.

அண்ணனின் பெட்டியோடு பழைய மயானத்துக்குப் போனபோது தோட்டத்துக் கேட் பூட்டியிருந்தது. "தோட்டத்து வேலைய விட்டுப் பேர் வெட்டிக்கிட்டுப் போனவங்களுக்கு உள்ள எடம் இல்லன்னு தொரை சொல்லிட்டாரு." காவலுக்கு நின்ற வாச்சர் இதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மழை பிடித்தது. முன்னே போக வழியில்லை; பிணத்தோடு வீடு திரும்பவும் முடியாது. நான் அவர் மனைவியிடம் போய், "ரத்னபுரித் தகனசாலைக்குக் கொண்டுபோவோமா, அண்ணி?" என்று மெல்லக் கேட்டேன்.

"சும்மா இருங்க, கிளாக்கரய்யா. நமக்குன்னு ஒரு மயானம் இருந்தா நாம இந்தப் பக்கம் வருவோமா? வராட்டி உள்ள கெடக்கிற நம்ம ஆளுங்க மேல ரப்பர நட்டுருவானுங்க. அதனாலதான் அவரு வேணாம்னாரு. எறக்குங்கடா பெட்டிய!"

கேட்டை அடைத்தபடி பெட்டி இறங்கியது. சேற்றில் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் தோட்டத்து லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பொழுது சாயும் முன் தோட்டத்தை நடத்தும் துரை ஆள் அனுப்பினார். "இந்த ஒரு தடவைதான்" என்ற சொல்லோடு பூட்டுத் திறந்தது. அண்ணனை அவர் தாயின் அருகே வைத்தோம்.

நான் வைத்துக்கொண்டது அந்தக் கேட்டின் முன் உட்காரும் வேலை. அடுத்த சாவு வேறொருவருடையதானால் நானும் வந்து உட்காருவேன். என்னுடையதானால் நீங்கள் உட்காருங்கள்.

மூன்றாவதாக நான் குறித்தது பிழை. அவர் மறக்கவில்லை.