அவள் இருந்த கதிரை

நான் தாதி. ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடம் ஒன்றில், பாலியல் தொற்றுகளை எப்படித் தடுப்பது என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி எழுந்தாள்.

“மிஸ், அறிகுறி ஒண்டும் இல்லாமலும் இந்த நோய் இருக்குமோ?”

“ஓம், இருக்கும். சோதிச்சால்தான் தெரியும். கிளினிக்கில ஆருக்கும் தெரியாமல் சோதிக்கலாம்.”

மணி அடித்துப் பிள்ளைகள் போனதும், வகுப்பாசிரியை கிருமிநாசினித் துணியால் அவள் இருந்த கதிரையை அழுத்தித் துடைத்தார்.

“கேட்ட கேள்வியிலயே ஆள் எப்பிடி எண்டு விளங்குதுதானே” என்றார்.

தண்ணீர்ப் போத்தலை எடுக்கத் திரும்பி வந்த அந்தப் பிள்ளை வாசலில் நின்றாள். நான் அந்த ஈரக் கதிரையிலேயே இருந்து, “இஞ்ச வாரும் பிள்ளை” என்று கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

அடுத்த முறை போனபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

எத்தனையோ சீழ்ப்புண்களைக் கழுவியிருக்கிறேன்; ஒருபோதும் குமட்டியதில்லை. அந்தத் துணியை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது.