தியாகு வீட்டுக்கு வழி

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், மலாக்காவில் காஜா பெராங்கில் குடியிருந்த ருக்மணி டீச்சருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது இரண்டாம் படிவத்துப் பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரைதான். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் 'மனித வாழ்வில் இன்றியமையாதது' என்றுதான் ஆரம்பிப்பார்கள். சைக்கிளும் இன்றியமையாதது, கொசுவும் இன்றியமையாதது.

டீச்சருக்குக் கோபம் சட்டென்று வரும். சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும். கொசுக் கட்டுரையைப் படித்த அன்று இரண்டும் சேர்ந்தே வந்தன.

"இனிமே கட்டுரை வேணாம். பள்ளிக்கூடத்திலிருந்து உங்க வீட்டுக்கு வழி எழுதுங்க. எழுதினபடியே வருவேன். யாரையும் கேட்கமாட்டேன்."

தியாகுதான் முதலில் எழுதி நீட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் அந்தத் தாளோடு சைக்கிளில் கிளம்பினார். 'நேரே வந்து மாடு நிற்கும் இடத்தில் திரும்பவும். பச்சைக் கதவு. தட்டாமல் உள்ளே வரவும்.'

மாடு அன்றைக்கு எங்கோ தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது. இடமா வலமா என்றும் எழுதவில்லை. மாடு பார்த்த பக்கமே டீச்சர் திரும்பினார். பச்சைக் கதவும் இருந்தது.

உள்ளே, தமிழ் மறந்து மலாயே பேசும் மலாக்கா செட்டிகள் வீட்டில் பெண் பார்க்கும் விசேஷம். டீச்சர் "வணக்கம்" என்றார். அவர்கள் மலாயில் ஏதோ சொன்னார்கள். மாப்பிள்ளையின் அத்தை என்று நினைத்து, கபாயாச் சட்டை உடுத்திய ஓர் அம்மாள் "மாக்கான், மாக்கான்!" என்று சாப்பிட உட்காரவைத்துவிட்டார். பெண்ணையும் அழைத்துவந்து எதிரே நிறுத்தினார்கள். டீச்சருக்குத் தெரிந்த மலாய் எல்லாம் சந்தையில் மீன் விலை கேட்கும் மலாய்தான். அதையே சொல்லிப் பார்த்தார். இன்னொரு துண்டு மீன் வந்தது.

திங்கட்கிழமை வகுப்பில், "தியாகு, உன் தாளால வயிறு நிறைய சாப்பிட்டேன். ஆனா உன் வீட்டிலே இல்லே" என்றார்.

வகுப்பே சிரித்தது. தியாகு தலையைக் குனிந்துகொண்டான். "மாடு நகரும்னு நெனைக்கலே டீச்சர். அம்மா இடியப்பம் அவிச்சு வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னாங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "உனக்கு வழி தெரியும். எனக்குத் தெரியாதே! தெரியாதவங்களுக்குத்தானே எழுதுறே?"

அதன்பிறகு ஒருவர் தாளை இன்னொருவர் எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தார்கள். மீனாச்சி எழுதியதை நம்பிப்போன சந்திரமதி, சாக்கடையில் காலை விட்டுச் சண்டைக்கு வந்தாள். மீனாச்சி முணுமுணுத்துக்கொண்டே திருத்தி எழுதினாள். யாரையும் வீடு கொண்டுபோய்ச் சேர்க்காத 'இன்றியமையாதது' தானாகவே காணாமல் போனது.

திருத்திய தாள்களோடு டீச்சர் வீடு வீடாகப் போனார். தியாகு வீட்டில் இடியப்பம், மீனாச்சி வீட்டில் வடை. எங்கேயும் சாப்பிடாமல் அனுப்பவில்லை. வருஷக் கடைசியில் வகுப்பு முழுக்கத் தெளிவாக எழுதியது. டீச்சர்தான் தம்முடைய ரவிக்கைகளையெல்லாம் பிரித்துத் தைக்கச் சொல்லித் தையல்காரரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.